தெரிந்தவள்

என் போனில் ஒன்பது பக்க பி.டி.எஃப். ஒன்று இருக்கிறது. முதல் பக்கத்தில் என் பெயர், வயது, ரத்தம் எடுத்த தேதி. இரண்டாம் பக்கத்தில் கட்டம் கட்டி ஒரே ஒரு வரி: சி.எஃப்.ஹெச். மரபணு, ஹெட்டரோசைகஸ் பிறழ்வு, நோய் உண்டாக்கக்கூடியது. மீதிப் பக்கங்கள் அந்த வரிக்கான விளக்கம். கடைசியில், இந்த முடிவை வைத்து நீங்கள் எடுக்கும் தீர்மானங்களுக்கு ஆய்வகம் பொறுப்பல்ல என்று ஒரு பத்தி. நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவள். பொறுப்பல்ல என்று எழுதியிருக்கும் பத்தியைத்தான் எங்கள் ஆட்கள் முதலில் வாசிப்பார்கள். நானும் அதைத்தான் முதலில் வாசித்தேன்.

அந்த வரி எனக்குத் தெரிந்தது 2020 செப்டம்பரில். என் சித்தி மகளிடம் அதைச் சொன்னது 2022 ஏப்ரலில். நடுவில் பத்தொன்பது மாதம். அந்தப் பத்தொன்பது மாதத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அக்காவிலிருந்து தொடங்க வேண்டும். 2019 நவம்பரில் மதுரையில் அவளுக்கு சிசேரியன். ஆண் குழந்தை. விருதுநகரிலிருந்து நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்து, ஆஸ்பத்திரி கேன்டீனில் பூரி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். மூன்றாம் நாள் காலையில் அவளுக்குச் சிறுநீர் குறைந்தது. சாயங்காலம் முகம் ஊதியிருந்தது. பிளேட்லெட் முப்பத்தெட்டாயிரம். கிரியேட்டினின் 1.1 இருந்தது 2.9 ஆகி, 5.4 ஆனது. பிரசவத்தையொட்டி ரத்த அழுத்தம் ஏறி, ஈரலையும் ரத்தத்தையும் கெடுக்கும் ஒரு நிலை உண்டு. குழந்தை வெளியே வந்த சில நாட்களில் அது தணியத் தொடங்கிவிடும். அதுவாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். தணியவில்லை. அக்காவின் மாமியார் காரிடாரில் நின்றுகொண்டு, பத்தியம் ஒழுங்காக இல்லை என்றார். அம்மா, கண் பட்டுவிட்டது என்றாள். ஐந்தாம் நாள் வந்த சிறுநீரக மருத்துவர் யாரிடமும் எதுவும் பேசாமல், ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் இழுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். சிவப்பணுக்கள் வட்டமாக இல்லை. பிய்த்துப் போட்ட அப்பளம் மாதிரி துண்டு துண்டாக இருந்தன.

நோயின் பெயரை அன்றைக்கு ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்: அட்டிபிகல் ஹீமோலிட்டிக் யுரீமிக் சிண்ட்ரோம். இதன் 'டிபிகல்' வகை, குடலில் புகும் ஒருவகை ஈ.கோலை பாக்டீரியாவின் நஞ்சால் வருவது, பெரும்பாலும் குழந்தைகளுக்கு. அக்காவுக்கு வந்ததில் வெளியாள் யாரும் இல்லை. அவள் உடம்பே அவள் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைத் தாக்கிக்கொண்டிருந்தது. தாக்கப்பட்ட இடங்களில் ரத்தம் உறைந்தது. பிளேட்லெட்டெல்லாம் அங்கே செலவாகின. அந்த இடுக்குகளில் நுழைந்து வரும் சிவப்பணுக்கள் கிழிந்தன.

நான் படித்தது பி.காம். உயிரியல் பத்தாம் வகுப்போடு சரி. அந்த வகுப்பில் நோய் எதிர்ப்பு என்றால் வெள்ளையணுக்கள் என்கிற காவலர்கள், கிருமி என்கிற திருடன். யார் என்று பார்த்துவிட்டு அடிப்பார்கள். காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம் அப்படி வேலை செய்வதில்லை என்று புரிந்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. 1890களில் ஜூல் போர்டே என்ற பெல்ஜியக்காரர் பாரிஸில் கண்டது இது: கிருமியைக் கொல்லும் சீரத்தை 55 டிகிரிவரை சூடாக்கினால் அந்தச் சக்தி போய்விடுகிறது, தடுப்பூசி எதுவும் போடாத விலங்கின் புதிய சீரத்தைக் கொஞ்சம் சேர்த்தால் திரும்ப வந்துவிடுகிறது. ஏதோ ஒன்று கூட நின்று நிரப்புகிறது. நிரப்புவது என்பதால் பின்னால் அந்தப் பெயர். இதற்காக அவருக்கு 1919-ஆம் ஆண்டின் நோபல் கிடைத்தது.

அந்த 'ஏதோ ஒன்று' இன்று முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் என்று தெரியும். அதில் முக்கியமான சி3, ரத்தத்தில் ஒவ்வொரு கணமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே உசுப்பிக்கொள்கிறது. யாரும் உத்தரவு போடுவதில்லை. சிம்மில் எரிந்துகொண்டே இருக்கும் அடுப்பு. உசுப்பிக்கொண்ட சி3 பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் ஒட்டும். கிருமியாக இருந்தாலும் சரி, நம் செல்லாக இருந்தாலும் சரி. ஒட்டிய ஒன்று இன்னும் பலவற்றை இழுத்துவரும். கிருமிமேல் என்றால் அது வளர்ந்து ஓட்டை போட்டுக் கொன்றுவிடும். நம் செல்மேல் என்றால் உடனே அணைக்கப்பட வேண்டும். அணைக்கிற ஆட்களில் ஒருவர்தான் ஃபேக்டர் ஹெச். இருபது மணிகள் கோத்த சரம்போல நீளமான புரதம். முன்பக்க மணிகள் தீயை அணைக்கும். கடைசி இரண்டு மணிகள் நம் செல்களின் மேலிருக்கும் சர்க்கரை மூலக்கூறுகளைத் தொட்டுப் பார்த்து, 'இது நம்ம வீடு' என்று பிடித்துக்கொள்ளும்.

அதாவது, தாக்குவதுதான் இயல்பு நிலை. 'நான்' என்பது நொடிக்கு நொடி புதுப்பிக்கப்படும் ஒரு விதிவிலக்கு. சில கிருமிகளுக்கு இது தெரியும். நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸும், மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸும் நம் ஃபேக்டர் ஹெச்சைப் பிடித்துத் தங்கள் மேல் போர்த்திக்கொண்டு தப்பித்துவிடும். திருடனிடம் போலீஸ் சட்டை இருக்கிறது. அக்காவின் சிறுநீரகத்திடம் இல்லை. அவளுடைய பிறழ்வு அந்தக் கடைசி மணிகளில் இருந்தது. ரத்தத்தில் ஃபேக்டர் ஹெச் அளவு பார்த்தால் நார்மல். தண்ணீர் வண்டி ஊரைச் சுற்றி வருகிறது, எரிகிற தெருவில் மட்டும் நிற்பதில்லை.

இந்த நோய்க்கும் ஃபேக்டர் ஹெச் மரபணுவுக்கும் உள்ள தொடர்பை, நோய் திரும்பத் திரும்ப வந்த சில குடும்பங்களை ஆராய்ந்து இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வாளர்கள் 1998-இல் உறுதிப்படுத்தினார்கள். நம் நாட்டுக் குழந்தைகளிடம் கதை கொஞ்சம் வேறு. இங்கே இந்த நோய் வரும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, ஃபேக்டர் ஹெச்சுக்கு எதிராக உடம்பே எதிர்ப்பொருள் தயாரித்திருக்கும். அதற்கு வேறு வைத்தியம் உண்டு. அக்காவிடம் முதலில் தேடியதும் அதைத்தான். இல்லை. பிளாஸ்மாவை எடுத்துவிட்டு வேறு ஆட்களின் பிளாஸ்மாவை ஏற்றும் சிகிச்சை பதினோரு முறை நடந்தது. பிளேட்லெட் ஏறியது. சிறுநீரகம் திரும்பவில்லை.

எக்குலிசுமாப் என்று ஒரு மருந்து இருக்கிறது. காம்ப்ளிமென்ட் சங்கிலியின் கடைசிக் கட்டத்தைத் தடுத்துவிடும். 2011-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. ஒருவருக்கு ஓர் ஆண்டுக்கு ஆகும் விலை நான்கு லட்சம் டாலருக்கும் மேல். டாக்டர் அதைச் சொன்னபோது அப்பா, "லட்சமா, நாலு லட்சம்னா ஏற்பாடு பண்ணிரலாம் சார்" என்றார். டாலர் என்பதை அவர் காதில் வாங்கவில்லை. நான் வாங்கினேன். திருத்தவில்லை.

அக்கா டயாலிசிஸுக்குப் போனாள். வாரம் மூன்று நாள்.

சிறுநீரகம் தருவது என்று பேச்சு வந்தபோது என் பெயர்தான் முதலில் வந்தது. அத்தானின் ரத்த வகை சேரவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை. எனக்கும் அக்காவுக்கும் ஒரே வகை. 1994 சட்டப்படி உடன்பிறந்தவள் நெருங்கிய உறவு. பெரிய தடை எதுவும் இல்லை. ஆனால் டாக்டர், மரபணு பார்க்காமல் உன்னைத் தொட மாட்டேன் என்றார். இந்த நோயில் ரத்த உறவு தருவதில் இரட்டை ஆபத்து. அதே பிறழ்வு எனக்கும் இருந்தால், அறுவை சிகிச்சையின் உலுக்கலே எனக்கு நோயைக் கிளப்பிவிடலாம். 2002-இல் ஒரு மருத்துவ இதழில் அப்படியே நடந்த கதை வெளியாகியிருக்கிறது: வாங்கியவருக்கு நோய் திரும்பியது, தந்தவருக்குப் புதிதாக வந்தது. இன்னொன்றும் சொன்னார். ஃபேக்டர் ஹெச் பெரும்பாலும் கல்லீரலில் உருவாகிறது. யாருடைய சிறுநீரகத்தை வைத்தாலும் அக்காவின் ரத்தம் அக்காவின் ரத்தம்தான். அந்த மருந்து இல்லாமல் வைத்தால் புதுச் சிறுநீரகமும் போக வாய்ப்பு அதிகம்.

என் ரிசல்ட் வந்தது. அதே எழுத்து, அதே இடத்தில்.

எனக்கு முதலில் வந்த உணர்ச்சி நிம்மதி. எனக்கு ஆபரேஷன் இல்லை. இதை இதுவரை அக்காவிடம் சொன்னதில்லை. பயம் அதற்குப் பிறகுதான், அன்றைக்கு ராத்திரி பல் தேய்க்கும்போது வந்தது.

பயப்படுவதற்கு எவ்வளவு இருக்கிறது என்பதும் தெளிவாக இல்லை. இந்தப் பிறழ்வு உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஏறக்குறையப் பாதிப் பேர் ஒன்றும் ஆகாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு ஒரு வயதில் வரும், இன்னொருவருக்கு ஐம்பதில் வரும், மூன்றாமவருக்கு வராது. ஒரு காய்ச்சல், ஒரு வயிற்றுப்போக்கு, ஒரு பிரசவம், ஏதாவது ஒன்று தட்டிவிட வேண்டும். பிரசவத்தில் என்றால் பெரும்பாலும் குழந்தை பிறந்த பிறகு. எங்கள் ஆபீஸில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: கன்டின்ஜென்ட் லயபிலிட்டி. ஒரு கம்பெனிமேல் வழக்கு நடக்கிறது, தோற்றால் பணம் கட்ட வேண்டும், தோற்பது நிச்சயமில்லை. அதைக் கடனாக பேலன்ஸ் ஷீட்டில் ஏற்ற முடியாது. ஆனால் பின்குறிப்பில் எழுதியாக வேண்டும், ஏனென்றால் அதை நம்பிப் பணம் போடுகிறவன் ஒருவன் இருக்கிறான். வாய்ப்பு மிக மிகக் குறைவு என்றால் மட்டும் எழுதாமல் விடலாம். எது மிக மிகக் குறைவு என்பதில்தான் எல்லாச் சண்டையும். இருபத்தேழு வயதில் பிறருடைய பின்குறிப்புகளை சரிபார்த்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

இனி அம்மா. அப்பா உடனே ரத்தம் கொடுத்தார். இல்லை என்று வந்தது. அம்மா கொடுக்க மறுத்தாள். தனக்குத் தெரிய வேண்டாம் என்றாள். மரபணு விஷயத்தில் இதை ஓர் உரிமையாகவே உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. யுனெஸ்கோவின் 1997 பிரகடனத்திலேயே, தன் மரபணு முடிவைத் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை மதிக்கப்பட வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் இரண்டு மகள்களுக்கு இருக்கிறது, அவர்களுடைய அப்பாவுக்கு இல்லை. மீதி யார்? "எதுக்குடி அந்தக் காகிதம். அவருக்கு இல்லேன்னா எனக்குத்தான?" என்றாள் அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே. ஒரு சொட்டு ரத்தம் கொடுக்காமலேயே அவளுடைய ரிசல்ட் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் வந்து விழுந்துவிட்டது. வெறும் கழித்தல் கணக்கில்.

அதன்பிறகு அவள் தன் தம்பியைப் பற்றிப் பேசினாள். எங்கள் மாமா. 1986-இல் பத்தொன்பது வயதில் இறந்தவர். காய்ச்சல் வந்து, உடம்பு வெளுத்து, சிறுநீர் கறுத்து, பத்தே நாள். மஞ்சள்காமாலை முற்றிவிட்டது என்று ஊரில் சொன்னார்கள். இப்போது யாராலும் நிரூபிக்க முடியாது. எனக்குச் சந்தேகம் இல்லை.

அம்மா அந்த மாதங்களில் மெலிந்துபோனாள். "எங்கிட்ட இருந்துதான வந்துச்சு" என்பதையே வேறு வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தாள். உன் தப்பு இல்லையம்மா என்று நாங்கள் சொல்லச் சொல்ல அவளுக்குக் கோபம்தான் வந்தது. பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேய தத்துவவாதி 1976-இல் எழுதிய 'மாரல் லக்' கட்டுரையில் ஒரு லாரி ஓட்டுநர் வருவார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. குறுக்கே வந்த ஒரு குழந்தைமேல் வண்டி ஏறிவிடுகிறது. வேடிக்கை பார்த்தவருக்கும் வருத்தம் உண்டு, ஓட்டுநருக்கு வருவது வேறு வருத்தம். நாம் அவரைத் தேற்றுவோம். ஆனால் அவர் உடனே தேறிவிட்டால் அவரை ஒரு மாதிரி பார்ப்போம் என்கிறார் வில்லியம்ஸ். இதை வாசித்த பிறகுதான் அம்மாவைத் தேற்றுவதை நிறுத்தினேன். அம்மா லாரி ஓட்டக்கூட இல்லை. அவள் வழியாக லாரி போயிருக்கிறது, அவ்வளவுதான். இருந்தும் அந்த வருத்தத்தை அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

சிக்கல் எங்கே என்றால், அவள் வருத்தத்தை மதிப்பதும் அவள் வாயடைப்பை மதிப்பதும் ஒன்று என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு ஒரு தங்கை, தேனியில். சித்திக்கு இரண்டு பெண்கள். அம்மாவுக்கும் மாமாவுக்கும் இருந்தது என்றால் பாட்டி தாத்தாவில் ஒருவரிடமிருந்து வந்திருக்க வேண்டும். சித்திக்கு இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. மூத்தவளுக்கு நான்கில் ஒன்று. அதில் நோய் வர, தோராயமாக எட்டில் ஒன்று. எட்டில் ஒன்று மிக மிகக் குறைவா? ஒரு கம்பெனி அப்படிச் சொன்னால் நான் கையெழுத்துக்கு அனுப்ப மாட்டேன்.

"அங்க போய் வாயைத் திறந்துராத" என்றாள் அம்மா. "ரெண்டும் பொட்டப்பிள்ளை. நம்ம வீட்டுல வியாதி இருக்குன்னு தெரிஞ்சா எவன் வருவான்? ஆயிரம் பொய் சொல்லி கல்யாணம் பண்ணுவாக. நாம சும்மாதான இருக்கச் சொல்றோம்." அக்காவுக்கு என்ன வந்தது என்று கேட்டவர்களுக்கு, பிரசவத்தில் கிட்னி போய்விட்டது என்று சொல்லி வைத்திருந்தோம். பொய் இல்லை.

2021 பிப்ரவரியில் சித்தியின் மூத்த மகளுக்குக் கல்யாணம். நான் போனேன். பந்தியில் பாயசம் ஊற்றினேன்.

இதே கேள்வி லண்டனில் ஒரு நீதிமன்றம்வரை போயிருக்கிறது. ஒரு மனிதர் 2007-இல் மனைவியைக் கொன்றுவிடுகிறார். சிறப்பு மருத்துவமனையில் வைத்துப் பார்க்கும்போது அவருக்கு ஹன்டிங்டன் நோய் என்று 2009-இல் தெரிகிறது. மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் நோய், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு, குணப்படுத்த வழியில்லை. அப்போது அவருடைய மகள் கர்ப்பமாக இருக்கிறாள். அவளிடம் சொல்லக் கூடாது, சொன்னால் கருவைக் கலைத்துவிடுவாள் என்று அவர் மறுக்கிறார். மருத்துவர்கள் பேசிப் பார்த்துவிட்டு நோயாளியின் ரகசியத்தைக் காப்பாற்றுகிறார்கள். குழந்தை பிறக்கிறது. சில மாதங்கள் கழித்து ஒரு மருத்துவரின் வாயிலிருந்து தவறுதலாக விஷயம் வெளியே வருகிறது. பின்னால் சோதித்தபோது அவளுக்கும் இருந்தது. வழக்குப் போட்டாள். 2020 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. தந்தையின் ரகசியத்தோடு மகளின் நலனையும் தராசில் வைத்துப் பார்க்கும் கடமை மருத்துவர்களுக்கு உண்டு என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனால் அவர்கள் வைத்துப் பார்த்த விதத்தில் கவனக்குறைவு இல்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

இதை இரண்டு தடவை வாசித்தேன். எனக்குச் சாதகமாக ஏதாவது கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டே வாசித்தேன் என்பதுதான் உண்மை. கிடைத்ததும் உண்டு: மருத்துவருக்கே அவ்வளவுதான் என்றால் எனக்கென்ன? ஆனால் மருத்துவருக்கு இருந்தது அடுத்தவருடைய ரகசியம். என் கையில் இருந்தது என் ரிசல்ட். என்னுடையதை நான் சொல்ல யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அதே சமயம் என்னுடையதைச் சொன்னால் அம்மாவுடையதும் சித்தியுடையதும் வெளியே வந்துவிடும், அந்தக் கழித்தல் கணக்கு மாதிரியே. இன்னொரு பெரிய வித்தியாசம், ஹன்டிங்டனில் தெரிந்து செய்வதற்கு ஒன்றும் இல்லை. இதில் இருக்கிறது. பிரசவம் முடிந்த வாரத்தில் பிளேட்லெட்டும் கிரியேட்டினினும் தினம் பார்க்கலாம். முதல் நாளே சந்தேகம் வந்தால் முதல் நாளே பிளாஸ்மா ஏற்றலாம். அக்காவுக்கு வீணாய்ப் போன நாட்கள் இவளுக்கு வீணாகாது.

அக்காவிடம் கேட்டேன். டயாலிசிஸ் முடிந்து வரும் நாட்களில் அவள் அரை மயக்கத்தில் படுத்திருப்பாள், பையன் அவள் காலடியில் கார் ஓட்டிக்கொண்டிருப்பான். "உனக்கு முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா?" என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "சொல்லியிருந்தா இவனைப் பெத்திருக்க மாட்டேன்" என்றாள். "அதனால சொல்லாம விட்டது நல்லதுன்னு சொல்லவும் வாய் வரல. சொல்லியிருக்கணும்னு சொல்லவும் வரல. ஏங்கிட்ட கேக்காத." அவனுக்குச் சோதனை செய்ய வேண்டாம் என்று அவளும் அத்தானும் முடிவெடுத்திருக்கிறார்கள். பதினெட்டு வயதில் அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று. காய்ச்சல் வந்தால் மட்டும் அவன் சிறுநீர் கழிக்கும்போது அத்தான் பாத்ரூம் விளக்கைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

2022 பங்குனியில் சித்தி வீட்டிலிருந்து வளைகாப்புக்கு அழைப்பு வந்தது. ஏழாம் மாதம். நான் போகவில்லை. அடுத்த வாரம் போன் செய்தேன்.

என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒரு பேப்பரில் எழுதி வைத்திருந்தேன். முதல் வரி: 'உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், தெரிய வேண்டாம் என்றால் சொல்லவில்லை.' தெரிய வேண்டாம் என்று சொல்லும் உரிமையை அவளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அந்த வரியை நான் சொல்லி முடித்த நொடியிலேயே அந்த உரிமை போய்விட்டது. அப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு எந்த ஏழு மாதக்காரியாவது தூங்குவாளா? கதவு இருக்கிறது என்று காட்டுவதற்கே கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது. "சொல்லுக்கா" என்றாள். சொன்னேன். எட்டில் ஒன்று, பிளேட்லெட், கிரியேட்டினின், எல்லாம்.

அவள் அழவில்லை. "உனக்கு எப்பத் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டாயிரத்து இருபது செப்டம்பர் என்றேன். அந்தப் பக்கம் அவள் மாதங்களை எண்ணுவது எனக்குக் கேட்டது.

"அப்போ என் கல்யாணத்துக்கு முந்தியே. பாயசம் ஊத்துனியேக்கா."

நான் என்னென்னவோ சொன்னேன். அம்மாவின் நிலைமை, கொரோனா, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எல்லாம் உண்மை. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இப்ப நீ சொல்றதுல நான் முடிவு பண்றதுக்கு என்ன இருக்கு?" என்றாள். ஒன்றும் இல்லை. செக்கப் செய்வதைத் தவிர ஒன்றும் இல்லை. பிள்ளை பெற்றுக்கொள்வதா, எப்போது, அதற்கு முன் தானும் அவரும் உட்கார்ந்து பேசுவதா, அந்தப் பையனிடம் கல்யாணத்துக்கு முன்பே சொல்வதா, இவையெல்லாம் அவள் முடிவெடுக்க வேண்டியவை. ஒவ்வொன்றையும் அவளுக்குப் பதிலாக நான் எடுத்திருந்தேன், சும்மா இருந்தே எடுத்திருந்தேன். எல்லா முடிவும் முடிந்த பிறகு, மிச்சம் இருந்த ஒரே ஒரு எச்சரிக்கையைத்தான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அதுவும் அந்த நேரத்தில் ஏன் சொன்னேன்? இனியும் சொல்லாமல் இருந்து அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னால் தாங்க முடியாது. என் கணக்கில் சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது விலை கூடிய நாள் அது. அவள் கணக்கில் அந்த நாள் பத்தொன்பது மாதம் முன்பே வந்துவிட்டது.

அக்கா சொன்னதைத் திருப்பிப் போட்டு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு: முன்பே சொல்லியிருந்தால் அந்தக் குழந்தையே இருந்திருக்காது, இல்லையா. ஆனால் அக்கா அதைத் தன்னைப் பற்றிச் சொன்னாள். அவள் மடியில் அவன் இருக்கிறான். அந்த வாக்கியத்தைச் சொல்லும் உரிமை அவளிடம் இருக்கிறது. நான் அதை எடுத்து என் மௌனத்துக்குப் போர்த்தினால், அது நிமோகாக்கஸ் செய்கிற வேலை.

அம்மாவுக்கு விஷயம் சித்தி வழியாக இரண்டே நாளில் வந்தது. என்னோடு நாற்பது நாள் பேசவில்லை. சித்தி அம்மாவோடு பேசவில்லை. சித்தியின் சின்ன மகளுக்கு வரன் பார்ப்பது கொஞ்ச நாள் நின்றது. அந்த வருடக் கடைசியில் எனக்கும் ஒரு வரன் வந்தது. மூன்றாவது சந்திப்பில் அந்தப் பையனிடம் பி.டி.எஃபைக் காட்டினேன். பொறுமையாக வாசித்தார், நல்ல கேள்விகள் கேட்டார். பத்து நாள் கழித்து அவர் வீட்டிலிருந்து ஜாதகம் இன்னொரு இடத்தில் பார்த்ததில் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, 'நான் சொன்னேன்ல' என்பதும் இல்லை. சோறு போட்டாள்.

சித்தி மகளுக்கு ஜூன் மாதம் கோவையில் பெண் குழந்தை பிறந்தது. மரபணுச் சோதனைக்கு அவள் சம்மதிக்கவில்லை. ஆனால் தன் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி, பிரசவத்துக்குப் பிறகு ஏழு நாள் தினமும் ரத்தம் பார்க்க வைத்திருக்கிறாள். எட்டாம் நாள் என் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. லேப் ரிப்போர்ட். பிளேட்லெட் 2,41,000. கிரியேட்டினின் 0.7. கூட ஒரு வார்த்தை இல்லை. நானும் எதுவும் எழுதவில்லை.

அதன்பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட்டோ வருகிறது. இப்போதும் வார்த்தை இல்லை. கல்யாணம் காட்சிகளில் பார்த்துக்கொண்டால் குழந்தையை என் கையில் தருவாள், என்னோடு பேச மாட்டாள். போன வாரம் வந்த போட்டோவை அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். கண்ணாடியை எடுத்து மாட்டி, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். தேதி எது, எண் எது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"எவ்வளவு இருக்கு?" என்றாள்.